எழுதியது தலையிலா, தட்டிலா?

"எழுதி வைத்தது அவ்வளவுதான்!"

நாற்பத்தைந்து வயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரின் வீட்டு வாசலில், பந்தற்கால் நடப்படும் வேளையில், வாய்க்கு வாய் உலவும் வாசகம் இது. எழுதியவர் யார்? எந்தக் கோல் கொண்டு எழுதினார்? ஒருவருக்கு எண்பது என்றும் மற்றவருக்கு நாற்பத்தைந்து என்றும் எழுதக் காரணம் என்ன? கேட்டால், துக்க வீட்டில் தர்க்கமா என்று கடிந்து கொள்வார்கள். கடியட்டும். துக்கம் நிகழ்ந்த வீட்டில் கேட்க வேண்டாம். இன்னும் நிகழாத வீடுகளிலே கேட்போம். கேட்காமல் விட்டதால்தான், அதே வாசகம் பந்தற்காலைத் தோளில் சுமந்துகொண்டு அடுத்த தெருவுக்கும், அதற்கடுத்த தெருவுக்கும் நடந்துகொண்டே இருக்கிறது. இந்திய நாட்டில் நிகழும் சாவுகளில் நான்கில் ஒன்றுக்கு மேல் இதய நோயாலும் குருதிக் குழாய் நோய்களாலும் நேர்வன. அத்தனை பேர் தலையிலும் ஒரே கை, ஒரே வரியை எழுதியதா?

எழுத்து உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அது மண்டையோட்டிலே இல்லை. இதயத்தின் மீது கொடிபோல் படர்ந்து, இதயத்துக்கே குருதியூட்டும் மெல்லிய குழாய்கள் உள்ளன. அவற்றின் உட்சுவரிலே எழுதப்படுகிறது அது. குருதியில் கலந்து வரும் கொலஸ்ட்ரால் என்னும் கொழுப்புப் பொருள் அளவு மீறும்போது, சுவருக்குள் புகுந்து படிகிறது. உப்பு மிகுந்த உணவால் ஏறிய குருதி அழுத்தம் அந்தச் சுவரை ஓயாமல் மோதுகிறது. புகையிலையின் நஞ்சு அதைப் புண்ணாக்குகிறது. நீரிழிவு அந்தக் கேட்டை விரைவுபடுத்துகிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் படிவு மேடாகிறது. ஒரு நாள் அந்த மேடு வெடிக்கிறது, வெடித்த இடத்தில் குருதி உறைகிறது, குழாய் அடைபடுகிறது, அடைப்புக்கு அப்பால் உள்ள தசை உயிர்க்காற்றின்றி மடிகிறது. இதுதான் மாரடைப்பு. எருமையும் இல்லை, பாசக்கயிறும் இல்லை.

இந்த எழுத்து எப்போது தொடங்குகிறது? "அதெல்லாம் கிழப் பருவத்துக் கவலை, நமக்கென்ன இப்போது?" என்று எண்ணும் இளைஞர்களுக்கு ஒரு செய்தி சொல்வோம். கொரியப் போரில் மாண்ட அமெரிக்கப் போர்வீரர்களில் 300 பேரின் இதயங்களை மருத்துவர்கள் அறுத்துப் பார்த்தனர். அவ்வீரர்களின் சராசரி வயது 22. குண்டடி பட்டு மாண்டவர்களே தவிர, இதய நோயால் மாண்டவர்கள் அல்லர். என்றாலும், நான்கில் மூவருக்கு அந்தக் குழாய்களில் படிவின் அறிகுறி இருந்தது. 1953-இல் இந்த உண்மை வெளியிடப்பட்டது. இருபத்திரண்டு வயது! நம்மோடு படிப்பகத்தில் அமர்ந்து ஏடு புரட்டுகிறாரே, அந்தத் தோழரின் வயது. எழுத்து தொடங்கிவிட்டது. அதன் வேகத்தைக் குறைப்பதா கூட்டுவதா என்பது மட்டுமே இப்போது நம் முன் உள்ள கேள்வி.

நூலில் படித்த செய்தியோடு நாம் நின்றிருப்போம். வீட்டிலேயே பாடம் நடந்துவிட்டது.

எம் தந்தையார் அரிசி ஆலையொன்றில் கணக்கெழுதுபவர். முப்பதாண்டுகளாக நெல் உள்ளே போவதையும், வெள்ளை வெளேரென அரிசி வெளியே வருவதையும், தவிடு தனியே மூட்டையாவதையும் பேரேட்டில் பதிந்து வந்தவர். இரண்டாண்டுகளுக்கு முன், ஐம்பத்திரண்டாம் வயதில், ஒரு விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. வாயுப் பிடிப்பு என்றார் ஒருவர். ஓமத்தண்ணீர் கொடுங்கள் என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு ஆட்டோ ஓட்டுநர் ஒருவர்தாம் எதையும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். மருத்துவமனையில் அடைப்பு நீக்கப்பட்டது, குழாய்க்குள் வலைச்சுருள் பொருத்தப்பட்டது, உயிர் மீண்டது.

உயிர் மீண்டு வீடு வந்ததும் ஊரே மருத்துவரானது. சோதிடர் ஒருவர், கட்டத்தைப் பார்த்து, ஆயுள் தானத்தில் சனி அமர்ந்திருப்பதாகவும், எள் விளக்கேற்றிப் பரிகாரம் செய்தால் விலகிவிடுவார் என்றும் கூறினார். அவரை வழியனுப்புவது எளிதாயிருந்தது. மற்றொருவரைத்தாம் எளிதில் அனுப்ப முடியவில்லை. அவர் கைப்பேசியின் வழியே வந்தார். இஞ்சிச் சாறு, பூண்டுச் சாறு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் காடி, இவற்றைக் காய்ச்சித் தேன் கலந்து வெறும் வயிற்றில் பருகினால் அடைப்பு கரைந்தோடும். அறுவையும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம்! இந்தச் செய்தியை உறவினர் எழுவர், எழுவேறு நாட்களில், அதே எழுத்துப் பிழைகளோடு எமக்கு அனுப்பினர்.

பஞ்சாங்கத்தை எள்ளி நகையாடும் நண்பர்கள் சிலரும் இந்தக் கசாயத்தை நம்பினர் என்பதுதான் வியப்பு. நாமம் போட்டு வந்தால் மூடநம்பிக்கை. நாட்டு மருந்து என்று வந்தால் அறிவியலா? இஞ்சியும் பூண்டும் நல்ல உணவுப் பொருள்கள், ஐயமில்லை. ஆனால் கல்போல் இறுகிய படிவைச் சாறு கரைத்துவிடும் என்பதற்குச் சான்று எங்கே? யாரிடம் சோதித்தார்கள்? எத்தனை பேரிடம்? குடித்தவர்களையும் குடிக்காதவர்களையும் ஒப்பிட்டார்களா? மதத் தரகனிடம் கேட்கும் கேள்வியை மருந்துத் தரகனிடமும் கேட்பவனே பகுத்தறிவாளன். அந்தச் செய்தியை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் உண்டு. வலைச்சுருள் பொருத்தியவர் குருதி உறையாமல் காக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால், அந்தச் சுருளிலேயே குருதி உறைந்து உயிரைக் குடிக்கும்.

எமக்கு அமைந்த மருத்துவர் இரண்டே செய்திகளைச் சொன்னார். மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது என்பது ஒன்று. மாத்திரை தன் வேலையைச் செய்யும், தட்டு தன் வேலையைச் செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று இல்லை. இரண்டும் ஒரே வண்டியின் இரு சக்கரங்கள்.

உணவுக்கு அத்தனை வலிமை உண்டா என்று ஐயுறுவோர்க்கு, எம் தந்தையார் மூட்டை மூட்டையாகக் கணக்கெழுதிய தவிடே சான்று கூறும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், டச்சுக்காரர் ஆண்ட சாவகத் தீவில், பெரிபெரி என்னும் நோய் சிறைவாசிகளையும் படைவீரர்களையும் வாரிக்கொண்டு போயிற்று. கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தளர்ந்து நின்றுவிடும். ஏதோ கிருமி என்று தேடினர் மருத்துவர்கள். எய்க்மன் என்னும் மருத்துவர், தீட்டிய வெள்ளரிசி தின்ற கோழிகள் நோயில் விழுவதையும், தவிட்டோடு கூடிய அரிசி தந்தால் எழுவதையும் கண்டார். அரிசியின் மேற்பூச்சில் இருந்த ஓர் ஊட்டப் பொருள், தயமின், தீட்டும்போது போய்விடுவதே காரணம் என்பது பின்னர் வந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. எய்க்மனுக்கு 1929-இல் நோபெல் பரிசில் பங்கு கிடைத்தது. இதயத்தை நிறுத்தியது விதியும் அன்று, கிருமியும் அன்று, வெள்ளை மோகம்! ஆலையிலே ஒதுக்கித் தள்ளிய தவிட்டில் மனிதனின் உயிர் இருந்தது.

அது ஒரு பொருள் இல்லாமையால் வந்த நோய். இன்று பரவும் மாரடைப்போ, சில பொருள்கள் மிகுந்தும் சில பொருள்கள் குறைந்தும் வருவது. அதையும் ஒரு மக்கள் கூட்டம் தன் தட்டை மாற்றிக் குறைக்க முடியுமா? முடியும் என்று காட்டிய நிலம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் வடகோடியிலே, பின்லாந்து நாட்டின் கிழக்கு எல்லையிலே, வட கரேலியா என்னும் மாநிலம். காடும் ஏரியும் பனியும் சூழ்ந்த பகுதி. மரம் வெட்டியும் மாடு வளர்த்தும் வாழ்ந்த உழைப்பாளிகள். அங்கே ஆண்கள் நடு வயதிலேயே மாரடைப்பால் மடிந்தார்கள். உலகிலேயே மிக அதிகமாக மடிந்தார்கள். ரொட்டியில் தடிக்கப் பூசிய வெண்ணெய், ஆடை நீக்காத பால், உப்பிட்ட இறைச்சி, ஓயாத புகை. காய்கறி என்பது மாட்டுத் தீவனம் என்ற எண்ணம். இதுதான் அவர்கள் வாழ்க்கை.

அம்மக்கள் விதியென்று வாளா இருக்கவில்லை. 1971-இல் தங்கள் அரசுக்கு விண்ணப்பம் எழுதினர்: எங்கள் ஆண்கள் சாகிறார்கள், ஏதேனும் செய்யுங்கள் என்று. 1972-இல் பணி தொடங்கியது. அதற்குத் தலைமையேற்ற பெக்கா புஸ்கா என்ற மருத்துவருக்கு அப்போது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. அவர் மருத்துவமனைக்குள் அமர்ந்து நோயாளி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. ஊர் ஊராகப் போனார். மார்த்தா என்னும் மகளிர் அமைப்பினரோடு சேர்ந்து, ஊர்க்கூடங்களில் சமைத்துக் காட்டும் கூட்டங்கள் நடத்தப்பட்டன; பழகிய குழம்பையே கொழுப்பும் உப்பும் குறைத்து, காய்கறி கூட்டிச் சமைத்துப் பரிமாறினர். கொழுப்புக் குறைந்த தொத்திறைச்சி செய்யும்படி உற்பத்தியாளரிடம் பேசினர். வெண்ணெயை விட்டால் பால் பண்ணைக்காரன் வாழ்வதெப்படி என்ற கேள்வி எழுந்தது. அந்தக் குளிர்நாட்டில் விளையும் சிறு பழங்களைப் பயிரிட அவர்களுக்கு வழி காட்டப்பட்டது. ஊருக்கும் ஊருக்கும் போட்டி வைத்தனர், எந்த ஊர் கொலஸ்ட்ராலை அதிகம் குறைக்கிறது என்று! நாற்பது ஆண்டுகளில், உழைக்கும் வயதினரான ஆண்கள் இதயக் குழாய் நோயால் சாவது 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. புகை குறைந்ததும், பிற்காலத்தில் மருத்துவம் வளர்ந்ததும் இதில் பங்கு கொண்டன. எனினும் கொலஸ்ட்ரால் குறைந்ததே முதற் காரணம் என்பதும், அதைக் குறைத்ததில் பெரும்பங்கு உணவு மாற்றத்துக்கே என்பதும் ஆய்ந்தவர் முடிவு. பனி மாறவில்லை, காடு மாறவில்லை, மக்களின் மரபணு மாறவில்லை. தட்டு மாறியது. தலையெழுத்தும் மாறியது!

வருமுன் காப்பதற்கு உணவு உதவும், வந்தபின்னர்? அதற்கும் சான்றுண்டு. பிரான்சு நாட்டின் லியோன் நகரில், முதல் மாரடைப்பிலிருந்து பிழைத்த 605 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை. மறு பிரிவுக்குக் காய்கறி, பழம், பருப்பு, மீன் மிகுத்து, இறைச்சியைக் குறைத்து, வெண்ணெய்க்கு மாற்றாக நல்ல எண்ணெயில் செய்த பூசுபொருள் கொடுக்கப்பட்டது. சராசரியாக 27 மாதங்கள் கழிந்து எண்ணிப் பார்த்தனர். வழக்கமான பிரிவில் இதய நோயால் மாண்டவர் 16. உணவு மாற்றிய பிரிவில் 3. 1994-இல் வெளிவந்தது இம்முடிவு. சிறிய ஆய்வுதான், பருமனான முடிவு. 1999-இல் வெளிவந்த தொடர்ச்சியும் அதே திசையைக் காட்டிற்று.

இங்கே இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்பெயின் நாட்டில் 7,447 பேரிடம் நடந்த பேராய்வு, ஆலிவ் எண்ணெயோ கொட்டைப் பருப்புகளோ சேர்ந்த உணவால் இதய நோயும் பக்கவாதமும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்ததாக 2013-இல் அறிவித்தது. உலகமே கொண்டாடியது. பின்னர், ஆட்களைப் பிரித்த முறையில் சில இடங்களில் குறை இருந்தது தெரிந்தது. ஆய்வாளர்கள் என்ன செய்தார்கள்? 2018-இல் தங்கள் கட்டுரையைத் தாங்களே திரும்பப் பெற்றார்கள். கணக்கை மறுபடி போட்டார்கள். முடிவு பெரிதும் மாறவில்லை என்பதையும், உறுதி சற்றுத் தளர்ந்ததையும் எழுதி மீண்டும் வெளியிட்டார்கள். எந்தப் புராணம் இப்படித் திரும்பப் பெறப்பட்டது? எந்தச் சோதிடர் தம் பழைய கணிப்பைத் திருத்தி மறுபதிப்பு வெளியிட்டார்? அறிவியல் தவறாதது என்பதால் நாம் அதை நம்பவில்லை. தவறினால் திருத்திக்கொள்ளும் என்பதால் நம்புகிறோம்.

சரி, ஆலிவ் எண்ணெய்க்கும் பனிநாட்டுப் பழத்துக்கும் நாம் எங்கே போவது? போக வேண்டியதில்லை. எம் வீட்டு அடுக்களையில் என்ன மாறியது என்பதைச் சொல்கிறோம். செலவு கூடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். தட்டில் குன்றுபோல் குவிந்த வெள்ளைச் சோறு பாதியானது. ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த காய்கறியும் கீரையும் இருமடங்காகி நடுவுக்கு வந்தன. இரவில் சோற்றுக்கு மாறாகக் கேழ்வரகு அடை, அல்லது பயறு சேர்த்த தோசை. வாரம் இருமுறை மத்தி மீன் குழம்பு. ஏழை மீன் என்று இகழப்படும் அந்த மத்தியில் இதயத்துக்கு நலம் தரும் கொழுப்பு நிறைந்திருக்கிறது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அளந்து ஊற்றப்படுகின்றன. ஒருமுறை பொரித்த எண்ணெயை மறுமுறை காய்ச்சுவதில்லை. தேங்காய் எண்ணெய் இதயத்துக்கு அமுதம் என்று சிலர் பரப்புகின்றனர். அதில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, கொலஸ்ட்ராலைக் கூட்டும் வகை. எனவே சட்னிக்குத் தேங்காய் உண்டு, அளவோடு. மாலையில் ஆலைவாசல் கடையின் பஜ்ஜிக்கு விடை கொடுக்கப்பட்டது. அந்த இடத்தில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் ஒரு கொய்யாவும் அமர்ந்தன.

உப்புக்குத் தனிக் கணக்கு. உலக நலவாழ்வு நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு இருக்க வேண்டும் என்கிறது. ஒரு சிறு தேக்கரண்டி. வரலாறு கற்பிக்கும் நாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கணக்குக் கொடுத்தோம். நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வர வேண்டும்? நாளொன்றுக்கு 20 கிராம். 50 நாள் என்று உடனே விடை வந்தது. உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று அம்மாவைக் கேட்டு வாருங்கள் என்றோம். மறுநாள் பெரும்பாலோர் "இருபது நாள்", "இருபத்தைந்து நாள்" என்றனர். அப்பளமும் ஊறுகாயும் கருவாடும் கடைத் தின்பண்டமும் அந்தக் கணக்கில் சேரவே இல்லை! சீன நாட்டில் 600 சிற்றூர்களில், ஏறத்தாழ 21,000 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. உப்பில் நான்கில் ஒரு பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றினர், வேறெதையும் மாற்றவில்லை. ஐந்தாண்டு முடிவில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது, சாவும் குறைந்தது. 2021-இல் வெளிவந்த முடிவு இது. சிறுநீரக நோயுற்றோர்க்கு அந்த மாற்று உப்பு ஆகாது. மருத்துவரைக் கேளாமல் தொடக்கூடாது. வெறும் உப்பைக் குறைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இவ்வளவும் தந்தையாருக்காக நடந்தது. நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததோ, அடுத்து நடந்த ஒன்றால்.

"மக்களைத் தேடி மருத்துவம்" என்று 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய திட்டத்தின்படி, தன்னார்வலரான ஓர் அம்மையார் தந்தையாருக்கு அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வந்தார். பார்த்து முடித்ததும், அடுக்களை வாயிலில் நின்ற எம் அன்னையாரை அழைத்து, "நீங்களும் கையை நீட்டுங்கம்மா" என்றார். "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார் அன்னை. கருவி 168 என்றது. அதுவரை, பேறுகாலங்களுக்குப் பிறகு, அந்தக் கையில் அழுத்தம் பார்த்தவர் எவரும் இல்லை.

அந்தத் தட்டைச் சற்று உற்று நோக்குங்கள் தோழர்களே! கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிய பின், காய் தீர்ந்த சட்டியில், எஞ்சிய சோற்றைப் போட்டுப் பிசைந்து, ஊறுகாயைத் துணையாக்கி உண்ணும் தட்டு அது. நேற்றைய குழம்பு வீணாகக் கூடாதென்று சுண்டச் சுண்டக் காய்ச்சிய உப்பு அதற்கே போகிறது. மீன் தலை அதற்கு, நடுத்துண்டு ஆணுக்கு. தந்தையாருக்குப் பத்தியம் வந்தபோதும், கீரையும் பயறும் அவர் தட்டோடு நின்றன. பழைய உணவு அன்னையின் தட்டுக்குப் போயிற்று. கடைசியில் உண்பவள் கற்புக்கரசி என்று கதை எழுதிய சமுதாயம், அவள் தட்டில் எஞ்சியது என்ன என்று எழுதவில்லை. மாரடைப்பு ஆண்களின் நோய் என்றொரு பொய்யும் உலவுகிறது. பெண்ணுக்கு நெஞ்சு வலித்தால் அசதி என்றும், மூச்சு முட்டினால் மனக்கவலை என்றும் தள்ளிவிடுகிறார்கள்.

அவள் தட்டின் வறுமை அவளோடும் முடிவதில்லை. இங்கிலாந்தின் ஹெர்ட்போர்ட்சயர் வட்டாரத்தில் 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் பிறப்பு எடைப் பதிவுகளை டேவிட் பார்க்கர் என்னும் ஆய்வாளரும் அவர் குழுவினரும் தேடியெடுத்தனர். எடை குறைந்து பிறந்து, முதலாண்டிலும் எடை குறைந்திருந்தவர்களே பின்னாளில் இதய நோயால் மிகுதியாக மாண்டனர் என்று 1989-இல் அறிவித்தனர். நம் அண்டையிலுள்ள மைசூரிலும் ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளைக் கொண்டு அதே கேள்வி ஆராயப்பட்டது. 1996-இல் வந்த விடையும் அதே. எடை குறைந்த தாய்க்கு எடை குறைந்து பிறந்தவர்களிடையே இதய நோய் மிகுந்திருந்தது. கருவுற்றவளுக்குக் கடைசிப் பந்தி என்று வைத்த வழக்கம், ஐம்பதாண்டு கழித்து அவள் மகனின் நெஞ்சில் வந்து தாக்குகிறது. இதுவன்றோ உண்மையான முன்வினை! முற்பிறப்பில் செய்தது அன்று. இப்பிறப்பில், அடுக்களையில், பந்தி வரிசையில் செய்தது.

எம் வீட்டில் இப்போது எல்லோரும் ஒன்றாக அமர்ந்தே உண்கிறோம். பாத்திரங்கள் நடுவில், அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்வது. முதல் வாரம் அன்னையார் இருமுறை எழுந்து நின்றார், உட்கார வைத்தோம். மாத்திரையும் தொடங்கினார். இன்று அவர் அழுத்தம் 130-ஐ ஒட்டி நிற்கிறது. இதைப் புரட்சி என்று சொன்னால் சிரிப்பீர்கள். உங்கள் வீட்டில் ஒரு வாரம் செய்து பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

"கீரையும் மீனும் பழமும் வாங்கக் கூலி வேண்டாமா?" என்று தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. நாள் முழுதும் உழைத்தவன் மலிவான சோற்றாலும் உப்பாலும் வயிற்றை நிரப்புவது அவன் அறியாமையால் அன்று. அவன் பையின் இளைப்பால். ஆகவே, உண்ணும் உரிமைக்கு உபதேசம் மட்டும் போதாது. சட்டமும் திட்டமும் வேண்டும். வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பைக் கண்ணால் கண்டு ஒதுக்க எவரால் முடியும்? டென்மார்க் 2003-இல் சட்டம் போட்டு அதைக் கட்டுப்படுத்தியது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல், எண்ணெய் கொழுப்புகளில் அது 2 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வந்தது. பொட்டலத் தின்பண்டத்தின் முகப்பிலேயே உப்பும் சர்க்கரையும் மிகுதி என்று பெரிய எழுத்தில் எச்சரிக்க வேண்டும் என்பதும் அத்தகைய கோரிக்கையே. மக்கள் கேட்டால் அரசு செய்யும். வட கரேலியா காட்டிய வழி அது.

பிள்ளைகளின் தட்டில் பொதுப்பணம் சோறிட வேண்டும் என்பது தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் தொடங்கி, 1956-இலும் 1982-இலும் விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் வளர்ந்த மரபு இது. பசியை வென்ற அந்தத் தட்டுக்கு அடுத்த கடமை ஒன்று காத்திருக்கிறது. இருபத்திரண்டு வயதில் படிவு தென்படுமென்றால், அதை எதிர்க்கும் பழக்கம் பத்து வயதில் வேரூன்ற வேண்டும். இன்னும் ஒரு கரண்டி காய்கறி, இன்னும் ஒரு பிடி பயறு, ஒரு சிட்டிகை குறைந்த உப்பு. பள்ளியில் பழகிய நாக்கு வீட்டையும் திருத்தும். அந்தப் பணியில் ஆசிரியர்களாகிய நமக்குப் பங்குண்டு.

ஒன்றை மட்டும் தெளிவாக்கிவிடுவோம். தட்டைத் திருத்தியவர் எவருக்கும் மாரடைப்பே வராது என்று நாம் ஆணையிடவில்லை. மரபின் பங்குண்டு, வயதின் பங்குண்டு, புகையிலையின் பங்கு பெரிது. நெஞ்சில் வலி வந்தால், இடக்கை கனத்தால், காரணமின்றி வியர்த்து மூச்சு முட்டினால், அன்று கீரையைத் தேடாதீர், மருத்துவமனையைத் தேடுங்கள். ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசை மடிகிறது. எல்லாச் சாவையும் தடுக்கும் மந்திரம் எம்மிடம் இல்லை. மந்திரம் எவரிடமும் இல்லை. தடுக்கக்கூடிய சாவைத் தடுக்காமல் விதியென்று கூறுவதே குற்றம் என்பது எம் வாதம்.

எங்கள் ஊர் மன்றத்தில் ஞாயிறுதோறும் கூட்டம் நடக்கும். பகுத்தறிவைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, பலமுறை காய்ந்த எண்ணெயில் பொரித்த வடையோடும், சிலர் பீடியோடும் கலைவது வழக்கம். சென்ற மாதம் தீர்மானம் ஒன்று நிறைவேற்றினோம். வடைக்கு மாற்றாகச் சுண்டல். மன்றத்துக்குள் புகை இல்லை. சந்தாப் பணத்தில் அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று. கருவி வந்துவிட்டது. வரும் ஞாயிறு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் அன்னையாரையோ, துணைவியாரையோ, தமக்கையையோ அழைத்துவர வேண்டும் என்பது கட்டளை. பேச்சாளர் காத்திருக்கலாம். முதலில் அவர்கள் கையை நீட்டட்டும்.